நைட் ஃபோர்மேனுக்கு வந்த விலை

ஒரு பொருள் நினைத்ததைவிடக் குறைந்த விலைக்குப் போனால் அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் வருத்தப்படுவார்கள். நினைத்ததைவிடப் பல மடங்கு கூடப் போய்விட்டால் ஊரே வருத்தப்படும். ஆர்டன்வில் மாதா கோயிலின் கீழ்த்தளச் சமையல்கூடத்தில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வெர்னா ஹ்லாவாட்டி இதைத் தெரிந்துகொண்டாள்.

விடிந்ததிலிருந்து பெண்கள் பிரோகி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாவை வட்டமாக வெட்ட ஒருத்தி, உருளைக்கிழங்கும் சீஸும் பிசைந்த உருண்டையை நடுவில் வைக்க ஒருத்தி, மடித்து ஓரத்தைக் கிள்ளி மூட ஆறு பேர். மதியத்துக்குள் ஊரில் பாதிப் பேர் வாங்கிப் போக வரிசையில் வந்து நிற்பார்கள். வெர்னா கிள்ளுகிற வேலைக்காரி. அவள் கிள்ளிய பிரோகி கொதிக்கிற தண்ணீரில் வாய் பிளந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு வரிசையாகப் பிளந்தன.

"அறுபத்திரண்டாயிரம் டாலர் வந்தவளுக்கு வெரலு ஓரத்துலயா நிக்கும்?" என்றாள் அடுப்படியில் கரண்டியோடு நின்ற ஓல்கா. "அது இப்பவே பேங்குல நிக்கும்."

"சும்மா இரு ஓல்கா. பணம் இன்னும் வரல."

"வருமா?"

"ஏன் வராம?"

"நான் என்னத்தக் கண்டேன்? என் மவன் போன்ல காட்டுனான். அட்டை தனியா உள்ளு தனியா கழண்ட பொஸ்தகமாம். எந்தப் பயலோ அட்டை மேல பென்சில்ல பேரு வேற கிறுக்கி வச்சிருக்கானாம். ஏலத்துல நாலாயிரம் போனாலே பெரிசுன்னு எல்லாரும் சொல்லியிருக்கானுங்க. அது அறுபத்திரண்டாயிரத்து ஐநூறுக்குப் போச்சுன்னா? 'கெழவன் ஆள் வச்சு ஏத்திட்டான்'னு எழுதுறானுங்க. நான் சொல்லல வெர்னா. எழுதுறானுங்க."

"எழுதுறவன் எழுதட்டும். எமில் அப்படிச் செய்ற ஆளா?"

"நான் அப்படிச் சொன்னேனா? என் கல்யாணத் தட்டையே பாத்துட்டு 'வெளிம்புல ரெண்டு எடத்துல சில்லு பேந்திருக்கு'ன்னு சொன்ன மனுசன். ஆனா செவுரு விழப்போகுதுன்னா மனுசன் என்னதான் செய்யமாட்டான்?"

அங்கேதான் வெர்னாவின் விரல் நழுவியது. ஓல்கா வாயாடிதான், ஆனால் ஓல்கா கேட்டதை வெர்னா தனக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருந்தாள்.

சுவர் விழப்போனது உண்மை. வெர்னாவின் கணவர் எமிலின் காமிக்ஸ் கடை, முன்பு இறைச்சிக்கடையாக இருந்த கட்டடம். மாடு தொங்கவிட்ட கம்பி இன்றைக்கும் கூரையில் ஓடுகிறது. பின்சுவருக்கும் கோனமா ஆற்றுக்கும் நடுவில் ஒரு சந்துதான். மார்ச்சில் பனி உருகி ஆறு பொங்கியபோது மண் நெகிழ்ந்து, சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி உள்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. நகராட்சி ஆள் வந்து பார்த்தான். கோடைக்குள் புதுச் சுவர் எழுப்பு, இல்லையென்றால் கடையைப் பூட்டு என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனான். கட்டட கான்ட்ராக்டர் கேட்ட தொகையைக் கேட்டு எமில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெஞ்சின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. 'ஒரு கால் ஆடும். ஓரத்தில் பல்லால் கடித்த தடம், நாய் அல்லது குழந்தை. நல்லது, மைனஸ். நான்கு டாலர்.' எமிலின் வழக்கம் அது. கடைக்குள் வருகிற பழைய காமிக்ஸ் ஒவ்வொன்றின் பின்னாலும் என்னென்ன பழுது என்று குட்டி எழுத்தில் எழுதி ஒட்டுவார். முதுகில் சுருக்கம், மூலையில் மழுங்கல், நடுப்பக்கத்தில் காபிக் கறை. ஊரில் மற்ற வியாபாரிகள் 'மிக நல்லது' என்று போட்டு விற்கிற புத்தகத்துக்கு இவர் 'நல்லது' என்று போட்டு, அதற்குப் பின்னால் ஒரு மைனஸும் போடுவார். மைனஸ் எமில் என்றால் பிட்ஸ்பர்க் வரைக்கும் தெரியும். அவரிடம் பார்க்காமலே வாங்கலாம், பிரித்துப் பார்த்தால் சொன்னதைவிட நன்றாகவே இருக்கும். இந்தப் பேரை வைத்துக்கொண்டு அவர் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் அந்தப் பேர் ஒன்றுதான் அவரிடம் பழுதில்லாமல் இருந்தது.

பெஞ்சு, கல்லா, சுவர்க்கடிகாரம், வாசல் மிதியடி என்று எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் உண்டு, எல்லாவற்றுக்கும் விலை உண்டு. "வெலை போடாத சாமான் ஒண்ணு இருந்தாக்கூட அது கடையில்ல, வீடு" என்பார்.

அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் 'நைட் ஃபோர்மேன்' முதல் இதழுக்கும் விலை போட்டு வைத்திருந்தார். யாரும் வாங்க முடியாத விலை அல்ல, நியாயமான விலைதான். ஆனால் அதை ஷோகேஸில் மூன்றாவது தட்டில், தூணுக்குப் பின்னால், குனிந்து பார்த்தால்கூடத் தெரியாத இடத்தில் வைத்திருந்தார். யுத்தகாலத்துப் புத்தகம். முகமூடி போட்ட ஃபோர்மேன் ஒருவன், இரவு ஷிப்டில் உருக்காலைக் கூரைமேல் லாந்தரோடு நடந்து திருடர்களையும் நாசகாரர்களையும் பிடிக்கிறான். அட்டையில் உருகிய இரும்புக் கொப்பரை கவிழப்போகிறது, அதைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தாங்குகிறான். அட்டையின் மூலையில் பென்சிலில் 'இது டெட்டியோடது, தொடாதே' என்று ஒரு பிள்ளைக் கையெழுத்து. ஆலை மூடி எமிலுக்கு வேலை போன மாதம், யாரோ வீட்டைக் காலிசெய்து தெருவில் எறிந்த பெட்டியிலிருந்து எடுத்தது. அதிலிருந்துதான் கடையே பிறந்தது.

"இவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று அப்போது சொன்ன வெர்னாவின் அம்மா, கண்ணை மூடும்வரை அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சுவருக்காக அந்தப் புத்தகத்தை ஏலத்துக்கு அனுப்பியது எமில்தான். பொட்டலம் கட்டுகிறபோது பின்பக்க ஸ்டிக்கரை ஒருமுறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். ஏலம் நடந்த வியாழக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போனவர், இருட்டுகிற நேரத்தில் பூட்ஸெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தார். "என்ன வெலைக்குப் போச்சு?" என்று வெர்னாதான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். நாலாயிரத்து நானூறு வரை மெல்ல ஏறி, அங்கிருந்து இரண்டே பேர் மாறி மாறி ஒரே நிமிடத்தில் அறுபத்திரண்டாயிரத்து ஐநூறுக்குத் தூக்கியிருந்தார்கள். எமில் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படவில்லை. "தப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் எங்கே போயிருந்தார் என்று வெர்னா அப்போது கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஏலக்கூடத்திலிருந்து போன் வந்தது. எமில் கடையில் இருந்தார், வெர்னாதான் எடுத்தாள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். விலை இப்படிப் போனா நாங்க விசாரிச்சே ஆகணும். பணத்த நிறுத்தி வச்சிருக்கோம். கடைசிவரைக்கும் போட்டி போட்ட ரெண்டு பேரோட பேரையும் நான் சொல்லக்கூடாது. ஆனா ரெண்டு பேரும் உங்க ஊர்க்காரங்க."

"எங்க ஊரா? ஆர்டன்வில்லா?"

"ஒரே அஞ்சல் எண். விக்கிறவரோட ஆளுங்க விலை ஏத்துறது எங்க விதிப்படி மோசடி. உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, வாங்கினவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா, அத பதிவு பண்ணிக்கிட்டு முடிச்சிடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வெர்னா ஹலுஷ்கி பண்ணினாள். முட்டைக்கோஸையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் போட்டு வதக்கி, கோஸ் ஓரம் சிவக்கிறவரை நிற்கவேண்டும். அவள் நின்றாள். எமில் வந்து கைகழுவி உட்கார்ந்ததும் தட்டை வைத்தாள். போனில் வந்ததைச் சொன்னாள். எமில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எமில், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேக்காத."

"வியாழக்கெழம எங்க போன?"

"கேக்காதன்னு சொன்னேன்ல."

"நான் கேக்காம வேற எவ கேப்பா? ஓல்கா கேக்கட்டுமா? ஊரு கேக்கட்டுமா?"

"பாலத்துக்கு அடியில போயி ஒக்காந்திருந்தேன்." எமில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத எவனோ கொண்டுபோறத என்னால பாக்க முடியல. அறுபத்தேழு வயசுல ஒரு காமிக்ஸ் பொஸ்தகத்துக்கு அழுதுகிட்டு ஒருத்தன் சேத்துல உக்காந்திருந்தான்னு உன்கிட்ட வந்து சொல்லணுமா? சொல்லிட்டேன். போதுமா?"

 நாற்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷனைச் சந்தேகப்பட்ட வாய் இதுதானே என்று வெர்னா தன் தட்டில் இருந்ததையும் எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

"சாப்புடு."

"நீயும் நெனச்சிட்டே, இல்ல?"

"நெனச்சேன்" என்றாள் வெர்னா. "ஒரு நிமிசம் நெனச்சேன். அடி வேணும்னா அடி. கோஸு ஆறுது, சாப்புடு."

எமில் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஆனால் தட்டைக் காலிசெய்தார்.

புதன்கிழமை புதுப் புத்தகம் வருகிற நாள். கல்லாவுக்குப் பின்னால் பழைய ஆலை லாக்கர்களைப் படுக்கப்போட்டுச் செய்த இழுப்பறைகள் இருக்கின்றன. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் பேர் ஒட்டிய ஒரு இழுப்பறை. எவர் எதைப் படிக்கிறார் என்று எமிலுக்கு மனப்பாடம். பெட்டி பிரித்ததும் அவரவர் புத்தகத்தை அவரவர் இழுப்பறையில் போட்டுவிடுவார். மழை தூறிக்கொண்டிருந்தது. வெர்னா அன்றைக்கு வேண்டுமென்றே கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டன்வில்லில் காமிக்ஸ் ஏலம் கேட்கிற அளவுக்குப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் புதன்கிழமை இந்த வாசலில் ஏறியே ஆகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் கஸ் பாலிக் வந்தார். ஆலையில் எமிலோடு வேலை பார்த்த பழைய கிரேன் ஆபரேட்டர், கதவை நிறைக்கிற உடம்பு. எப்போதும் வாசலிலேயே "என்ன மைனஸு, இன்னும் உசுரோட இருக்கியா?" என்று கத்துகிறவர், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். அவர் பின்னாலேயே நோரீன் வந்தாள். ஸ்கூல் பஸ் டிரைவர். மஞ்சள் பஸ்ஸை எதிர்ப்புறம் நிறுத்திவிட்டு, மழைக்கோட்டோடு ஓடிவந்தவள், கஸ்ஸைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"நில்லு" என்றார் எமில். "ரெண்டு பேரும் நில்லுங்க. யாரு?"

"என்ன யாரு?" என்றார் கஸ்.

"கஸ், நீ பொய் சொன்னா உன் காது செவக்கும். இப்ப பாரு, பீட்ரூட்டு மாதிரி இருக்கு. அந்தப் பொஸ்தகத்த வாங்குனது யாரு?"

கஸ் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நான்தான்."

"நீங்களா?" நோரீன் கத்திவிட்டாள். "அந்தப் படுபாவி நீங்கதானா? எனக்கு மேலேயே ஏறி ஏறி உக்காந்த சனியன் நீங்கதானா?"

"அடிப் பாவி, அப்ப அடியில நின்னு என்ன மேல தூக்குனது நீயா?"

வெர்னா ஊசியைக் கையுறையில் குத்தி நிறுத்தினாள். "ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க" என்றாள். "எனக்குக் காமிக்ஸு தெரியாது. மெதுவாச் சொல்லுங்க. முதல்ல, எதுக்கு ஏலத்துல எறங்கினீங்க?"

நோரீன்தான் முதலில் வாய்திறந்தாள். "எதுக்கா? எமில்கிட்ட திருப்பிக் குடுக்கத்தான். நாலாயிரத்துக்குப் போகும்னு எல்லாரும் சொன்னாங்க. நாலாயிரம் எங்கிட்ட இருந்துச்சு. நான் அத வாங்கினா செவுத்துக்குப் பணம் இவருக்குப் போயிரும். பொஸ்தகம் எங்கிட்ட வரும். ஒரு புதன்கெழம கொண்டுவந்து அந்தத் தூணுக்குப் பின்னாடி வச்சிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

"நானும் அதேதான்" என்றார் கஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி. அப்ப நாலாயிரத்துக்கு வாங்க வேண்டியதுதானே? அறுபதாயிரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதிகபட்சம் எவ்வளவுன்னு கம்ப்யூட்டரு முன்கூட்டியே கேக்கும் வெர்னா" என்றார் கஸ். "நாம ஒரு நம்பரச் சொல்லிட்டா, எதிராளி நிக்கிற எடத்துக்கு ஒரு படி மேலதான் அது நம்மள நிறுத்தும். சொன்ன நம்பரு அளவுக்குப் போவவே போவாது, எதிராளி இல்லன்னா. நான் முப்பது வருசம் கிரேன் ஓட்டினவன். அஞ்சு டன்னு தூக்கணும்னா கொக்கி அம்பது டன்னு தாங்கணும். அதுதான் சட்டம். கொக்கி பெருசா இருந்தா யாரும் சாகமாட்டான். அதான் எழுபத்தஞ்சாயிரம்னு போட்டுட்டு வீட்டுக்குப் போயி பீர் குடிச்சேன்."

"எழுபத்தஞ்சாயிரமா? உங்க வீட்டையே வித்தாலும் அவ்வளவு வராதே!"

"தூக்குறது அஞ்சு டன்னுதானேம்மா. கொக்கிக்கா காசு குடுக்கப்போறோம்?"

"நீ எவ்வளவு போட்ட நோரீன்?" என்று கேட்டார் எமில். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அறுபதாயிரம்." நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு பஸ்ஸுதான தெரியும்? முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் நடுவுல நெறைய எடம் விடணும், பிள்ளைங்க உள்ள இருக்காங்க. அதே மாதிரி இங்கயும் யாரும் கிட்டயே வரமுடியாத எடம் விட்டு நின்னுக்கலாம்னு நெனச்சேன். இந்தக் கழுத அந்தப் பக்கத்துலேர்ந்து இப்படி வரும்னு நான் கண்டேனா?"

கஸ் மூச்சை இழுத்துவிட்டார். "ஆனது ஆச்சு. வார்த்தைன்னா வார்த்தை. வீட்டை அடமானம் வச்சுக் கட்டிடுறேன். மைனஸு, நீ செவுத்தக் கட்டு. மிச்சத்த வச்சுக்க."

"உன் மூஞ்சி" என்றார் எமில்.

"ஏன்?"

"உன் வீட்ட அடமானம் வச்சு என் செவுரு நிக்கும், அதுக்குள்ள நான் உக்காந்து வியாபாரம் பண்ணுவேன், அப்படியா?"

"நீ என்னடா பேசுற? என் பொஞ்சாதி ஹெலன் போனதுக்கப்பறம் ஒரு வருசம் நான் இந்தத் தெருப்பக்கமே தலை வைக்கல. திரும்பி வந்தா என் எழுப்பறையில ஒவ்வொரு புதன்கெழமையோட பொஸ்தகமும் வரிசையா அடுக்கியிருந்துச்சு. எங்கடா போனேன்னு நீ கேட்டியா? பேசாம அத எடுத்து மேசையில வச்சே. ஒரு வருசத்தையும் ஒரு ராத்திரி பகலா படிச்சேன். அன்னைக்குத்தான் மறுபடி சோறு எறங்குச்சு எனக்கு." கஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, உடனே கழற்றினார். "இத்தனை நாள் சொல்லல. இப்ப சொல்றேன், தெரிஞ்சுக்க."

"நான் இங்க முதல்ல வந்தப்ப எனக்கு ஒம்பது வயசு" என்றாள் நோரீன். "பயலுங்கல்லாம் பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேலைன்னு சிரிச்சானுங்க. இவரு ஒண்ணும் பேசல. ஒரு எழுப்பறையில என் பேர எழுதி ஒட்டினாரு. அதுலயும் 'கைப்பிடி தளர்வு'ன்னு ஒரு ஸ்டிக்கரு. இன்னும் அந்தக் கைப்பிடி தளர்வாத்தான் இருக்கு."

வெர்னாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய் இருவரையும் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டாள். கஸ் அகலம் என்பதால் முக்கால்வாசிதான் கைக்குள் வந்தது. எமிலைப் பற்றி ஊரில் பேசியதெல்லாம், அவள் நினைத்ததெல்லாம், அந்த ஈர மழைக்கோட்டின்மேல் கண்ணீராக இறங்கியது. "நல்லா இருங்க" என்றாள். "மடச் சாம்பிராணிங்களா, நல்லா இருங்க."  இப்படி இரண்டு பேர் இந்த மனுஷனுக்காக இருக்கிறார்கள் என்று தெரியாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டோமே என்றும் இருந்தது. தெரிந்துவிட்டதே, அது போதும் என்றும் இருந்தது.

ஆனால் விஷயம் முடியவில்லை. அதை எடுத்துச் சொன்னதும் வெர்னாதான்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள போன் பண்ணணும் எமில். வாங்கினவங்க யாருன்னு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு அந்தப் பொண்ணு சொன்னா."

"ஏலம் நடந்தப்ப தெரியாதுதானே" என்றாள் நோரீன். "அது பொய்யில்லையே."

"கஸ்ஸு பணத்த நாம அவனுக்கே திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் வெர்னா. "யாருக்கு நட்டம்? உண்மையச் சொன்னா என்ன ஆவும் தெரியுமா? ரெண்டு பேரும் உன் கடை ஆளுங்க. நீதான் ஏவிவிட்டேன்னு நூத்துக்கு நூறு முடிவு பண்ணிடுவாங்க. உன் பேரு போயிடும் எமில். இந்த ஊருல நமக்கு வேற என்ன இருக்கு?"

எமில் ஷோகேஸின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். தூணுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தையும் துடைத்தார்.

"நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்னா, நைட் ஃபோர்மேன் அறுபத்திரண்டாயிரம் போனதுன்னு பதிவாயிடும்" என்றார். "நாளைக்கு ஒஹாயோவுல ஒருத்தன், இதே மாதிரி கிழிஞ்ச ஒண்ண வச்சுக்கிட்டு, வெலை இதுன்னு இன்னொரு அப்பாவி தலையில கட்டுவான். அவன் வாங்குவான். அந்தப் பொய் வெலையும் ஒரு பழுதுதான், அதுக்கும் நான் ஸ்டிக்கரு ஒட்டணும் வெர்னா. எந்தச் சாமானுக்கும் பழுது மறைச்சு நான் வித்ததில்ல. இதுக்கும் மறைக்கமாட்டேன்."

போன் பண்ணினார். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருக்கத்தான் பண்ணினார். வாங்கினவரும் எதிர்த்து நின்றவரும் தன் வாடிக்கைக்காரர்கள், ஏலத்தின்போது தனக்குத் தெரியாது, இப்போது தெரியும், அந்த விலை உண்மை விலை இல்லை, ரத்து செய்யுங்கள் என்றார். கிரேன் கொக்கியையும் பஸ்ஸையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அவள் நன்றி சொன்னாள். இனி அந்த ஏலக்கூடத்தில் அவரோ அந்த இருவரோ எதையும் விற்கவோ வாங்கவோ முடியாது என்றும் சொன்னாள். நாலாயிரத்து நானூறோடு நின்றிருந்த யாரோ ஒரு வெளியூர்க்காரர் அந்த விலைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

வெர்னா பயந்தது நடந்தது. 'ஒத்துக்கிட்டான் கிழவன்' என்று எழுதினார்கள். கொக்கிக் கதையைக் கேட்டவர்கள் சிரித்தார்கள், நம்பவில்லை. பிட்ஸ்பர்க்கில் ஓட்டல் ஹாலில் நடக்கிற காமிக்ஸ் சந்தைக்கு எமில் போனார். வருஷக்கணக்காக அவர் பக்கத்து மேசைக்காரன் அன்றைக்கு வேறு மூலைக்கு இடம் மாற்றிக்கொண்டு போயிருந்தான். எமில் மதியத்திலேயே திரும்பி வந்துவிட்டார். இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு பேர் ஒரே நாளில் போய்விடும், திரும்பி வர அதைவிட அதிக நாள் ஆகும், அது ஆர்டன்வில்லில் எல்லோருக்கும் தெரியும். வெர்னா ஒன்றும் தேற்றவில்லை. கேட்காமலே ஹலுஷ்கி பண்ணினாள், அவ்வளவுதான்.

வந்த பணம் சிமெண்ட்டுக்கும் செங்கல்லுக்கும்தான் சரியாக இருந்தது. கொத்தனாருக்கு இல்லை. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை விடிகிறபோது கஸ், மருமகனின் லாரியில் சிமெண்ட் கலக்குகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து சந்தில் இறக்கினார். நோரீன் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இழுப்பறையில் பேர் உள்ளவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிப் பேருக்குக் கட்டுவேலை தெரியாது. தெரிந்த பாதிப் பேர் தெரியாத பாதிப் பேரை நாள் முழுக்கத் திட்டினார்கள். பத்து மணிக்கு மழை வந்தது, மேலே தார்ப்பாயைக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஓல்கா கீழ்த்தளச் சமையல்கூடத்திலிருந்து பெரிய பாத்திரத்தில் பிரோகியும் வெங்காயமும் வெண்ணெயும் கொண்டுவந்தாள். தவக்காலம் முடிந்துவிட்டதால் நெருப்பில் வாட்டிய சாஸேஜும் இருந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது..." என்று வெர்னாவிடம் ஆரம்பித்தாள் ஓல்கா.

"தட்ட நீட்டு" என்றாள் வெர்னா. "நானும்தான் நெனச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டி."

"கீழ் வரிசை கோணலா போவுது!" என்று கத்தினார் கஸ்.

"கோணலா பாக்குற கண்ணுக்கு நேரா எப்படித் தெரியும்?" என்று பதிலுக்குக் கத்தினாள் நோரீன். "கொக்கிய மட்டும் பாத்துப் போடுங்க!"

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சுவர் நின்றது. நகராட்சி ஆள் மறுவாரம் வந்து தட்டிப் பார்த்தான், தலையை ஆட்டினான், கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்துக்கொண்டு போனான். அவன் போனபின் எமில் உள்ளே புதுச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். விரலால் மூட்டுகளைத் தடவினார். குனிந்து கீழ் வரிசையைப் பார்த்தார். வெர்னா காபி போட்டுக்கொண்டு வந்தபோது கல்லாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, எழுந்துபோய், சுவரில் தன் மார்பு உயரத்துக்கு ஸ்டிக்கரை ஒட்டினார். அதுவும் கோணலாகத்தான் ஒட்டியது.

வெர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'கீழ் வரிசை இடப்பக்கம் சாய்வு. இரண்டு கல்லில் விரிசல். கலவை சில இடத்தில் வழிந்துள்ளது. ஒரு முழு உள்ளங்கைத் தடம், பெரியது, கஸ். மிக நல்லது.'

மைனஸ் இல்லை. அவள் இன்னொரு முறை பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக மைனஸ் இல்லை. அதற்குக் கீழே, விலை எழுதுகிற இடத்தில், 'விற்பனைக்கு இல்லை' என்று இருந்தது.

"வெலை போடாத சாமான் ஒண்ணு இருந்தாக்கூட அது கடையில்லன்னு சொல்லுவியே" என்றாள் வெர்னா.

"ஆமா" என்றார் எமில், காபியை வாங்கிக்கொண்டு.